படத்தின் ஜாதகம்

ஒரு குடும்பம் இலங்கைக்குச் சுற்றுலா போய்த் திரும்புகிறது. நான்கு செல்போன்கள், ஒரு கேமரா. எல்லாப் படங்களையும் ஒரே கணினியில் கொட்டினால் ஆயிரக்கணக்கில் குவிந்துவிடும். கேமராப் படங்களின் பெயர்களைப் பார்த்தாலும் பயனில்லை. நான்கு எழுத்து, அதன்பின் நான்கு இலக்க எண், அவ்வளவுதான். எண் 9999 ஆனதும் மறுபடி 0001 என்று தொடங்கிவிடும். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ராட்சத மூங்கில் புதரடியில் அத்தை நின்ற படம் இந்தக் குவியலில் எங்கே இருக்கிறது?

செல்போனின் படத்தொகுப்பைத் திறந்து மாதவாரியாக விரலால் தள்ளினால் அந்த நாள் வந்துவிடுகிறது. வரைபடத்தைத் திறந்து கண்டியைத் தொட்டால் அங்கே எடுத்த படங்கள் மட்டும் விரிகின்றன. நாமாக எதையும் அடுக்கி வைக்கவில்லை. ஆனாலும் அடுக்கப்பட்டிருக்கிறது. காரணம், ஒவ்வொரு படமும் பிறக்கும்போதே தன் ஜாதகத்தை உடன் கொண்டுவருகிறது. பிறந்த நாள், பிறந்த நேரம், பிறந்த இடம் மூன்றும் அதில் உண்டு.

ஃபிலிமில் எழுதிய காலம்

படத்தோடு குறிப்பும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை பழையது. 1914இல் கோடாக் நிறுவனம் 'ஆட்டோகிராஃபிக்' என்ற கேமராக்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேமராவின் முதுகில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து, கூடவே தந்த உலோகக் குச்சியால் ஃபிலிமுக்குப் பின்னால் இருக்கும் தாளின்மேல் ஊரையும் தேதியையும் எழுதலாம். எழுதிய கோட்டின் வழியே ஒளி புகுந்து, இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் எழுத்து பதியும். ஃபிலிமைக் கழுவும்போது படமும் குறிப்பும் சேர்ந்தே வெளிப்படும். இதைக் கண்டுபிடித்த ஹென்றி கெய்ஸ்மனிடமிருந்து காப்புரிமையை வாங்க ஜார்ஜ் ஈஸ்ட்மன் 3 லட்சம் டாலர் கொடுத்தார். 1930களின் தொடக்கத்தில் இந்த வகை மறைந்தது.

பிறகு, படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி அச்சிடும் கேமராக்கள் வந்தன. பழைய கல்யாண ஆல்பங்களில் அதை இன்றும் பார்க்கலாம். மணமகளின் புடவைத் தலைப்புமேல் ஒளிரும் அந்த எண்களை யாராலும் அழிக்க முடியாது. படத்தைக் கெடுக்காமலும், நாம் கைவைக்காமலும் குறிப்பு எழுத வேண்டுமானால் படம் ஒரு கணினிக் கோப்பாக மாற வேண்டியிருந்தது.

கோப்பின் தலைமாட்டில்

டிஜிட்டல் கேமராக்கள் கடைக்கு வரத் தொடங்கிய 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் குறிப்பெழுதினால் ஒன்றின் படத்தை இன்னொன்று படிக்க முடியாது என்ற நிலை இருந்தது. ஜப்பானின் மின்னணுத் தொழில் மேம்பாட்டுச் சங்கம் 1995இல் ஒரு பொது முறையை வகுத்து வெளியிட்டது. அதன் பெயர் எக்சிஃப். இன்று உலகின் பெரும்பாலான கேமராக்களும் செல்போன்களும் அதைத்தான் பின்பற்றுகின்றன.

ஜேபெக் படக் கோப்பு ஒன்றை எண்களாகப் பிரித்துப் பார்த்தால், முதல் இரண்டு பைட்டுகள் 'இது ஜேபெக்' என்று அறிவிக்கும். அதை அடுத்து, படத்தின் நிறங்கள் தொடங்குமுன்பே, எக்சிஃப் பகுதி வந்துவிடும். அதற்குரிய இடம் அதிகபட்சம் 64 கிலோபைட். அதற்குள் வரிசை எண் இட்ட சிறு பெட்டிகளாகத் தகவல்கள் இருக்கும். கேமராவின் பெயர், லென்ஸின் குவியத் தூரம், ஒளி எவ்வளவு நேரம் உள்ளே வந்தது, ஃபிளாஷ் எரிந்ததா இல்லையா என்று பட்டியல் நீளும். நேரத்தை ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்ற வரிசையில் எழுதுவார்கள். ஆண்டு முதலில் வருவதால் எழுத்துவரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை தானாகக் கிடைத்துவிடும்.

இன்னொரு பெட்டியில் 1 முதல் 8 வரை ஓர் எண் இருக்கும். செல்போனை நிமிர்த்திப் பிடித்தாலும் படுக்கவைத்துப் பிடித்தாலும் உள்ளேயுள்ள ஒளியுணரி ஒரே திசையில்தான் படிக்கும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைப் புவியீர்ப்பை உணரும் சில்லு கண்டுபிடித்து அந்த எண்ணாக எழுதிவைக்கும். சில கணினிகளில் படம் பக்கவாட்டில் சாய்ந்து தெரிந்தால், அந்த மென்பொருள் இந்த எண்ணைப் படிக்கவில்லை என்று பொருள்.

எக்சிஃபுக்குள்ளேயே படத்தின் சிறு பிரதி ஒன்றும் இருக்கும். வழக்கமான அளவு 160க்கு 120 பிக்சல். 4000க்கு 3000 பிக்சல் உள்ள படத்தோடு ஒப்பிட்டால் இது 625இல் ஒரு பங்கு. கேமராவின் பின்திரையில் படங்களை வேகமாகப் புரட்ட முடிவதற்கு இப்படிப்பட்ட சிறுபிரதிகள்தான் காரணம். முழுப் படத்தையும் திறந்து காட்டுவதென்றால் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க நேரிடும்.

இடம் எப்படித் தெரிகிறது?

நேரத்தை எழுத ஒரு கடிகாரம் போதும். இடத்தை எழுத வானத்தின் உதவி வேண்டும். தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் தன் அணுக்கடிகாரத்தின் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. அந்தச் செய்தி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து செல்போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ரேடியோ அலை ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், நேரக்கணக்கில் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இடம் 300 மீட்டர் தள்ளிப்போய்விடும். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும், செல்போனின் சாதாரணக் கடிகாரத்தில் உள்ள பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

2008இல் வந்த ஐபோன் 3ஜி போன்ற கருவிகளில் ஜிபிஎஸ்சும் கேமராவும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தபின் இடம் எழுதுவது சாதாரண வழக்கமானது. பேராதனைப் பூங்காப் படத்தில் 'வடக்கு 7 டிகிரி 16 நிமிடம், கிழக்கு 80 டிகிரி 35 நிமிடம்' என்பதோடு விநாடிக் கணக்கும் இருக்கும். அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் சுமார் 31 மீட்டர். விநாடியைப் பின்னமாகவும் எழுதுவதால் எந்த மரத்தடி என்பதுவரை நெருங்கலாம். பல செல்போன்கள் கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும், கேமரா எந்தத் திசையை நோக்கியிருந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகின்றன.

எண்ணிலிருந்து 'கண்டி' என்ற ஊர்ப்பெயர் எப்படி வருகிறது? ஊர், மாவட்டம், நாடு ஆகியவற்றின் எல்லைக்கோடுகள் அடங்கிய தரவுத்தளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், 2004இல் பிரிட்டனில் தொடங்கி உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்துவருவது. நம் புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்று மென்பொருள் பார்த்து அந்தப் பெயரை எடுத்துத் தருகிறது.

வரைபடத்தில் '214' என்று எண்ணிட்ட வட்டம் தெரிந்து, பெரிதாக்கப் பெரிதாக்க அது சிறு வட்டங்களாகச் சிதறுவதைப் பார்த்திருப்போம். இணைய வரைபடங்கள் உலகம் முழுவதையும் முதலில் ஒரே சதுரத்தில் அடக்குகின்றன. ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் ஒரு சதுரம் நான்காகப் பிரியும். பத்தாவது படியில் சதுரங்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். பக்கத்துப் பக்கத்தில் விழும் படங்களை ஒரே வட்டமாகக் கட்டிக் காட்டுவதற்கு இந்தச் சதுரக் கணக்கு உதவுகிறது. இல்லாவிட்டால் ஆயிரம் படங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஊரையே மறைத்துவிடும்.

ஜாதகம் பிழைத்தால்

செல்போன் வெளிநாட்டில் இறங்கியதும் அங்குள்ள நேரத்துக்குத் தானே மாறிக்கொள்ளும். கேமரா அப்படி மாறாது. பினாங்கு போன ஒருவரின் கேமரா இந்திய நேரத்திலேயே இருந்தால் அது மலேசிய நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியிருக்கும். காலை 8 மணிக்குச் செல்போனில் எடுத்த பலகாரப் படத்தில் 8 மணி என்றே இருக்கும். 9:30க்குப் பினாங்கு மலையில் கேமராவில் எடுத்த படத்திலோ 7 மணி என்று இருக்கும். இரண்டையும் கலந்து அடுக்கினால் மலையேறிவிட்டுப் பலகாரம் சாப்பிட்டதுபோல் கதை தலைகீழாகும். எந்த நாட்டு நேரம் என்று எழுதும் பெட்டியே எக்சிஃபில் 2016இல்தான் சேர்ந்தது. பழைய கேமராக்களுக்கு அது தெரியாது.

இதற்கு எளிய வைத்தியம் உண்டு. பயணத்தின் முதல் நாளே செல்போன் கடிகாரத்தின் திரையைக் கேமராவால் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். திரையில் தெரியும் நேரத்துக்கும் படத்தில் பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் கேமராவின் பிழை. படம் அடுக்கும் மென்பொருள்கள் பலவற்றில், அந்த வித்தியாசத்தை எல்லாப் படங்களுக்கும் ஒரே கட்டளையில் கூட்டிவிடலாம்.

இடமும் பிழைக்கும். கருங்கல் மண்டபத்துக்குள் செயற்கைக்கோள் அலை நுழையாது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அது சுவரில் பட்டுத் திரும்பிவருவதால் தூரம் கூடுதலாகத் தெரியும். அப்போது செல்போன் கோபுர அலைகளையும் வைஃபையையும் வைத்து ஏறக்குறைய ஓர் இடத்தை எழுதிவைக்கும். விரையும் ரயிலில் எடுத்த படத்தில் கடந்துபோன ஊரின் புள்ளியே பதிந்துவிடுவதும் உண்டு. சீனாவில் சிக்கலே வேறு. அந்நாட்டு வரைபடங்கள் அரசு விதித்த தனி ஆயமுறையில் வரையப்படுவதால், சரியான ஜிபிஎஸ் எண்ணை அப்படியே அதில் வைத்தால் புள்ளி சில நூறு மீட்டர் நகர்ந்து விழும்.

குறிப்பே இல்லாத படம்

1924 ஜூன் 8இல் எவரெஸ்டின் உச்சியை நோக்கிப் போன ஜார்ஜ் மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் திரும்பவில்லை. அவர்களிடம் இருந்த சிறிய கோடாக் கேமரா, அதே பயணக்குழுவில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல் இரவல் தந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூரில் பல்லாண்டுகள் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர் இவர்தான். மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. ஒருநாள் அது கிடைத்து, பனியில் உறைந்த ஃபிலிமும் தப்பியிருந்தால், அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்பதற்குப் படத்துக்குள் தெரியும் பாறையும் அடிவானமும் நிழலும்தான் சாட்சி.

கண்ணால் பார்த்து இடத்தைச் சொல்லும் இந்த வேலையை இப்போது கணினியும் பழகியிருக்கிறது. 2008இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹேஸ், அலெக்ஸி எஃப்ராஸ் இருவரும், இடம் குறித்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களோடு ஒப்பிட்டுப் புதிய படத்தின் இடத்தை ஊகிக்கும் முறையை வெளியிட்டனர். 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கிய பிளாநெட், உலகை 26 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, படம் எந்தக் கட்டத்துக்குரியது என்று கணித்தது. இந்தக் கணினிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவை, மக்கள் தம் பயணங்களில் எடுத்து இடக்குறிப்போடு பொதுவெளியில் போட்ட படங்கள்தாம்.

யாருக்குக் காட்டலாம்?

ஜாதகத்தைக் கண்டவரிடமும் நீட்டக்கூடாது. 2012 டிசம்பரில், பெலிஸ் காவல்துறை விசாரணைக்குத் தேடிக்கொண்டிருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியின் படத்தை வைஸ் பத்திரிகை வெளியிட்டது. அந்தப் படத்தில் இடக்குறிப்பு நீக்கப்படாமல் இருந்ததால் அவர் கௌதமாலாவில் இருப்பது உலகத்துக்கே தெரிந்துபோனது. நம் வீட்டு வாசலில் எடுத்த படத்திலும் அதே துல்லியத்தில் வீட்டின் புள்ளி இருக்கிறது. காட்டு உயிர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் படம் வந்தால் ஐநேச்சுரலிஸ்ட் தளம் சரியான புள்ளியை மறைத்து, 0.2 டிகிரிக் கட்டத்துக்குள், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீள அகலமுள்ள பரப்புக்குள், எங்கோ ஒரு புள்ளியைக் காட்டுகிறது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு உதிர்ந்துவிடும். வெளியாருக்கு அனுப்ப இது நல்லது. ஆனால் உறவினர்களின் படங்களையும் அப்படியே வாங்கிச் சேர்த்தால் அவை ஊர்பேர் தெரியாமல்தான் வந்துசேரும். குடும்பத் தொகுப்புக்கு என்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும், அல்லது கம்பியில் இணைத்து அசலையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கருவி எழுதாத வரி

கேமராவுக்குத் தெரிந்தது நேரமும் இடமும். முகங்களை ஒன்றுசேர்க்கவும், 'கடல்', 'கோபுரம்' என்று தேடினால் எடுத்துத் தரவும் இன்றைய மென்பொருள் கற்றுவிட்டது. ஆனால் மூங்கிலடியில் நிற்பவர் அப்பாவின் அக்காவா தங்கையா, பேருந்து ஏன் நடுவழியில் நின்றது, அந்தக் கடைக்காரர் ஏன் காசு வாங்க மறுத்தார் என்பதெல்லாம் யாராவது எழுதினால்தான் உண்டு.

அதை எழுதவும் கோப்பில் இடம் இருக்கிறது. எக்சிஃபின் விவரணைப் பெட்டி நெடுநாள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்றது. 2023இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் தமிழ் உள்ளிட்ட எல்லா எழுத்துகளுக்கும் வழி பிறந்தது. அதற்கு முன்பே, 2001இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற இணைப்புக் குறிப்பில் தமிழில் எழுத முடிந்தது. விவரணை சேர்க்கும் வசதியுள்ள மென்பொருள்கள் பல, நாம் தட்டுவதை இவற்றில் ஒன்றில்தான் சேமிக்கின்றன. சில செயலிகள் மட்டும் தம் சொந்தக் கணக்கில் வைத்துக்கொண்டு கோப்பில் எழுதாமல் விடும். ஒரு படத்துக்கு எழுதி, அதை வேறொரு கணினிக்கு மாற்றித் திறந்து பார்த்தால் குறிப்பு கூட வந்ததா என்பது தெரிந்துவிடும்.

எல்லாப் படத்துக்கும் எழுத வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு ஒரு படத்தில் இரண்டு வரி எழுதினாலே போதும். அந்த நாளின் மற்ற படங்களை நேரமும் இடமும் அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும்.