கொலை நடந்த இடம் எங்கே?

யாத்திரை போவதில் நம் ஜனங்களுக்கு உள்ள உற்சாகம் உலகம் அறிந்தது. காசிக்குப் போவோர் உண்டு. குற்றாலத்துக்குப் போவோர் உண்டு. ஒன்றும் இல்லாவிட்டால் பக்கத்து ஊர்ப் பொருட்காட்சிக்காவது போய் வருவோர் உண்டு. புண்ணியத்தைத் தேடிப் போவதும் குளிர்ச்சியைத் தேடிப் போவதும் நமக்குப் புரிகிற விஷயங்கள். ஆனால் கொலையைத் தேடிப் போகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது?

மேல்நாட்டார் இதற்கும் ஒரு பெயர் சூட்டிவிட்டார்கள். 1996-ஆம் வருஷத்தில் ஸ்காட்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர்களான ஜான் லென்னன், மால்கம் ஃபோலி என்னும் இருவர் 'டார்க் டூரிஸம்' என்று இதைக் குறிப்பிட்டார்கள். நாம் 'இருட்டுச் சுற்றுலா' என்று வைத்துக்கொள்ளலாம். இரத்தம் சிந்திய இடத்தைக் கண்ணால் பார்த்து, ஒரு படமும் பிடித்துக்கொண்டு திரும்புவது இதன் லட்சணம்.

இது ஏதோ சீமைச் சமாசாரம் என்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். இராஜபாளையத்தை அடுத்த நம் தளவாய்புரத்திலிருந்து கோடை விடுமுறையில் வேன் அமர்த்திக்கொண்டு புறப்படும் குடும்பங்கள் மேட்டூர் அணை, ஒகேனக்கல், மாதேசுவரன் மலை என்று சுற்றி வருவது சகஜம். அந்த வழியில் போகும்போது வண்டியிலுள்ள யாராவது ஒருவர், "வீரப்பன் ஊர் பக்கத்தில்தானே இருக்கிறது? ஒரு நடை பார்த்துவிட்டால் என்ன?" என்று கேளாமல் இருப்பதில்லை.

அந்த ஊரின் பெயர் கோபிநத்தம். காவிரிக்கு அருகே, கர்நாடக எல்லைக்குள் இருக்கிறது. ஆயினும் அங்கே பெரும்பாலும் பேசப்படுவது தமிழ்தான். 1952-இல் அங்கே பிறந்த வீரப்பன் யானைகளைக் கொன்று தந்தம் கடத்தினான், சந்தனமரம் வெட்டினான், நூற்றுக்கு மேற்பட்ட மனித உயிர்கள் பலியாகக் காரணமானான். 2000-ஆம் வருஷம் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் காட்டில் வைத்திருந்தான். 2004 அக்டோபர் 18-ஆம் தேதி இரவு தர்மபுரி ஜில்லா பாப்பாரப்பட்டிக்கு அருகே அதிரடிப்படையாரால் சுடப்பட்டு மாண்டான். மேட்டூருக்கு அருகேயுள்ள மூலக்காட்டில் அவனுடைய சமாதி இருக்கிறது. அதைப் பார்க்கவும் ஆட்கள் வருகிறார்கள்.

பிற்பாடு, கர்நாடக அரசின் வனச் சுற்றுலா நிறுவனம் கோபிநத்தத்தில் ஒரு முகாம் அமைத்தது. அதற்கு வைத்த பெயரின் பொருள் 'மர்மத் தடங்கள்' என்பது. சினிமாக்களும் வந்தன. 2023-இல் நெட்பிளிக்ஸில் ஒரு தொடரே வந்து, கதை உலகமெங்கும் பரவிற்று. பார்த்தவர்களுக்கு இடத்தையும் பார்க்க ஆவல் எழுவது இயற்கைதான்.

வருகிறவர் கேட்பது ஒரே கேள்வி: "வீரப்பன் வீடு எது? கொலை நடந்த இடம் எங்கே?"

ஆனால் அந்த ஊர் நெஞ்சில் வைத்துப் போற்றும் பெயர் வேறு. ஆந்திர தேசத்திலிருந்து வந்த வன அதிகாரி பி. ஸ்ரீநிவாஸ் என்பவர் அங்கே ஜனங்களோடு ஜனமாகத் தங்கினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். மாரியம்மன் கோயில் எழும்பப் பாடுபட்டார். கள்ளத் தொழிலில் இறங்கியவர்களைத் துப்பாக்கியால் அல்ல, நல்வார்த்தையால் திருப்ப முயன்றார். சரணடைகிறேன் என்று வீரப்பன் சொல்லியனுப்பியதை நம்பி, ஆயுதமின்றிக் காட்டுக்குள் போனார். 1991 நவம்பர் 10-ஆம் தேதி தலை துண்டிக்கப்பட்டு மாண்டார். மறு வருஷம் அவருக்குக் கீர்த்தி சக்கரம் அளிக்கப்பட்டது. கோபிநத்தத்து ஜனங்களோ அவரைத் தெய்வத்துக்கு நிகராக வைத்துக் கொண்டாடுகிறார்கள். மர்மத்தைத் தேடி வருகிறவர்களில் எத்தனை பேர் இவர் பெயரைச் சொல்லி விசாரிக்கிறார்கள்?

இன்னொரு துயரமும் உண்டு. அதைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் குறைவு. 1993 ஏப்ரல் 9-இல் பாலாற்றுக்கு அருகே கண்ணிவெடியில் 22 பேர் மடிந்தார்கள். அதற்குப் பிறகு அதிரடிப்படை முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்ட மலைக் கிராமத்து ஆண்களும் பெண்களும் பட்ட பாடு சொல்லத் தரமன்று. பலர் வருஷக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்தார்கள். நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணை நடந்து, 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி தேசிய மனித உரிமை ஆணையம் கூறிற்று. திருடனுக்கும் பயந்து, திருடனைப் பிடிக்க வந்தவர்களுக்கும் பயந்து வாழ்ந்த ஜனங்கள் இவர்கள். இவர்கள் வாசலில் நின்றுகொண்டு, "அவன் மீசை எவ்வளவு நீளம்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்!

அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே மனம் இருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. சமாதியில் மாலை போடுகிறவர்களும் உண்டு. ஸ்ரீநிவாஸைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. வெளியூரார் வந்தால் நாலு காசு புழங்குமே என்பாரும் இருக்கலாம். அதிலே குற்றமில்லை. பசிக்கிற வயிற்றுக்கு உபதேசம் சோறாகாது. தங்கள் ஊரின் கதையைத் தங்களைக் கேளாமல் பிறர் எடுத்து விற்கிறார்கள் என்பதுதான் மனத்தில் தைக்கும் முள்.

இந்த முள் எல்லாத் தேசத்திலும் தைத்திருக்கிறது. லண்டன் கிழக்குப் பகுதியில் மாதர் சரித்திரத்தைக் காட்டும் காட்சிசாலை வரப்போகிறது என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். 2015-இல் திரை விலகியபோது, அது பெண்களைக் கொன்ற 'ஜாக் தி ரிப்பர்' என்பவனின் காட்சிசாலையாக இருந்தது! அந்தப் பகுதியார் வீதியில் நின்று ஆட்சேபித்தார்கள். குளோஸ்டர் நகரத்தில் வேறு விதம் செய்தார்கள். பல பெண்கள் கொலையுண்ட ஒரு வீட்டை 1996-இல் இடித்து, ஞாபகப் பொருளாக யாரும் எடுத்துப் போகாதபடி செங்கல்லையும் பொடியாக்கி, அந்த இடத்தை நடைபாதையாக்கிவிட்டார்கள்.

கோபிநத்தத்தை அப்படித் துடைத்துவிட முடியாது, துடைக்கவும் வேண்டியதில்லை. நம் ஊரை வைத்துச் சற்று யோசித்துப் பார்ப்போம். தளவாய்புரம் என்றால் தையல் இயந்திரங்களின் ஓசையும், இங்கே தைத்து நாலா திசைக்கும் போகிற நைட்டி உடுப்புகளும் வெளியூராருக்கு ஞாபகம் வருகின்றன. உழைப்பால் வந்த பெயர் அது. அதை மறந்துவிட்டு, என்றோ ஒருவன் செய்த பாதகத்தின் பெயரால் நம் தெருவைத் தேடி வண்டிகள் வந்தால் நமக்குச் சம்மதமா? வெளியூருக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளை ஊர்ப் பெயரைச் சொன்னவுடன், எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு குறுகுறுப்புத் தோன்றினால் நமக்கு உவப்பாயிருக்குமா?

ஆகையால் போகவே கூடாது என்று நாம் தடை போடவில்லை. போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஊரார் வழிகாட்டட்டும், எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவர்களே தீர்மானிக்கட்டும், வருகிற வரும்படியில் அவர்களுக்கு நியாயமான பங்கு போய்ச் சேரட்டும். கொன்றவன் கதையோடு கொல்லப்பட்டவர்களின் பெயர்களையும் சொல்லட்டும். நம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் முதலில் மாரியம்மன் கோயிலுக்குப் போய், அதற்காகப் பாடுபட்ட மனிதர் யார் என்று விசாரிக்கட்டும். அந்த ஊராரின் முகம் மலர்வதை அப்போது காணலாம்.