வேலையை விடாமல் பட்டம் படிக்க ஒரு வழி

எஸ்பிஎம் முடித்த கையோடு வேலைக்குப் போய்விட்ட ஓர் அண்ணனோ அக்காவோ சித்தப்பாவோ நம் குடும்பங்களில் இருப்பார்கள். “இனிமே எங்க படிக்கிறது?” என்று அவர்கள் சொல்லும்போது நாமும் தலையாட்டிவிடுகிறோம். அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றாலே இளம் வயதில் இடம் கிடைத்து, பெட்டியோடு விடுதிக்குப் போவதுதான் என்று பழகிவிட்டோம். தொலைதூரக் கல்வியோ, இடம் கிடைக்காதவர்களுக்கான இரண்டாம் தரப் படிப்பு என்ற எண்ணம் என் வகுப்பு நண்பர்களிடமே உண்டு.

நம் நாட்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. 1969-இல் பினாங்கில் உருவான மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யுஎஸ்எம்), 1971-லேயே வேலை பார்ப்பவர்களுக்காக வளாகத்துக்கு வெளியே பட்டப்படிப்பைத் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். யுஎஸ்எம்மில் இத்துறையில் பணியாற்றிய கஜராஜ் தனராஜன், பின்னர் காமன்வெல்த் கற்றல் அமைப்பின் தலைவராகவும், பினாங்கிலுள்ள வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் உயர்ந்தார். 2000-இல் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியதும் 11 அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்புதான்.

இணையம் இல்லாத அந்தக் காலத்தில் இது எப்படி நடந்தது? பாடநூல்கள் வீட்டுக்கு வந்தன. தாமாகவே படித்துப் புரிந்துகொள்ளும் விதத்தில் அவை எழுதப்பட்டிருந்தன. மாநிலங்களில் வட்டார மையங்கள் இருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு பினாங்கு வளாகத்துக்கு வந்து, சில வாரங்கள் தீவிர வகுப்பில் கலந்துகொண்டார்கள். அறிவியல் படித்தவர்கள் ஆய்வுக்கூடப் பயிற்சியை அப்போது செய்தார்கள். அதாவது, வீட்டிலிருந்து படிக்கச் சொன்னவர்கள் மாணவரைத் தனியாக விட்டுவிடவில்லை.

இதை நான் வலியுறுத்தக் காரணம் என் பெரியம்மா மகள். கெடாவில் ஒரு தோட்டத்துக்குப் பக்கத்தில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். எஸ்டிபிஎம் முடித்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, தொலைதூரக் கல்வியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தார். சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்குத்தான் அவருக்குப் புத்தகத்தைத் திறக்க முடியும். வீட்டுக்குள் லைன் சரியாகக் கிடைக்காது. இணைய வகுப்பு நாள்களில் கோயில் முன்னால் காரை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்து கேட்பார்.

முதல் பருவத்தில் ஓர் இடுபணியில் சந்தேகம் கேட்டு அனுப்பினார். மூன்று வாரமாகப் பதில் இல்லை. படிப்பை விட்டுவிடலாமா என்று அப்போது என்னிடம் கேட்டார். “பாடம் கஷ்டமில்ல தம்பி. கேட்டா பதில் சொல்ல ஆளில்ல, அதான் கஷ்டம்” என்றார். அவரைக் காப்பாற்றியது அதே பாடம் எடுத்த மூன்று பெண்கள். சனிக்கிழமைகளில் சுங்கை பட்டாணியில் ஒருவர் வீட்டில் நால்வரும் கூடிப் படிக்கத் தொடங்கினார்கள். இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறார்.

2020-இல் சபாவில் ஒரு மாணவி, இணைய இணைப்புக்காக மரத்தின் மேல் தங்கித் தேர்வு எழுதிய செய்தி நாடு முழுவதும் பரவியது. அவருடைய விடாமுயற்சியை எல்லாரும் பாராட்டினோம். ஆனால் ஒரு மாணவர் மரம் ஏறித்தான் படிக்க வேண்டும் என்றால், குறை அவரிடம் இல்லை. பாடங்களை இணையத்தில் ஏற்றுவது எளிது. பக்கத்து ஊரில் ஓர் அறை, நல்ல இணைப்பு, வாரம் ஒருமுறை கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு விரிவுரையாளர் ஆகியவற்றுக்குத்தான் பணமும் மனமும் வேண்டும். வட்டார மையங்கள் பழங்கால ஏற்பாடு என்று பல்கலைக்கழகங்கள் நினைத்துவிடக் கூடாது.

சேர நினைப்பவர்கள் சிலவற்றை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் (எம்கியூஏ) பதிவேட்டில் இருக்கிறதா? தேர்வு எங்கே நடக்கும்? நேரடி வகுப்புக்கு எத்தனை நாள் விடுப்பு தேவை? கேள்வி கேட்டால் எத்தனை நாளில் பதில் வரும்? எஸ்டிபிஎம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 21 வயதைக் கடந்து, தொடர்புள்ள வேலை அனுபவம் உள்ளவர்கள் ‘ஏபெல்’ மதிப்பீட்டின் மூலம் இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். விரும்பும் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கும் வசதியும் உண்டு.

இணையத்தில் விண்ணப்பம் நிரப்புவது நமக்குச் சாதாரணம். பத்து ஆண்டுகளாகப் புத்தகத்தைத் தொடாதவர்களுக்கு அந்த முதல் பக்கமே மலைப்பாக இருக்கும். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது மடிக்கணினியைத் திறந்து, அந்த அக்காவின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். சேர்ந்த பிறகும் அவ்வப்போது, “அந்த இடுபணி என்னாச்சு?” என்று கேளுங்கள்.