அடுத்து எந்தக் கத்தி வாங்கலாம்?

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் நாட்களில் சந்தைக்குப் போகும் விவசாயி, கத்திக் கடை முன்பு நிற்காமல் வருவது அபூர்வம். ஒரே பிடிக்குள் இரண்டு கத்தி, சிறு ரம்பம், கத்தரி, திருப்புளி, சோடா மூடி திறப்பான் எல்லாம் மடங்கிக் கிடக்கும் கத்தியைக் கடைக்காரர் விரித்துக் காட்டுவார். பேரம் பேசி வாங்கியும் விடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அது பாக்கு நறுக்கவும் சாக்குத் தையல் பிரிக்கவும்தான் உதவியிருக்கும். மாங்கன்று ஒட்டுக்கட்ட எடுத்தாலோ பட்டை நைந்து போகும்.

கத்தி சிறிய பொருள்தான். ஆனால் சிறு விவசாயிக்கு அதற்கான பணம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். எனவே, பார்க்க எது நன்றாக இருக்கிறது என்று பாராமல், வரும் பருவத்தில் எந்த வேலை கத்தியை நம்பி இருக்கிறது என்று பார்த்து வாங்குவதே நல்லது.

முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள்

வீட்டிலும் கொட்டகையிலும் கிடக்கும் கத்தி, அரிவாள் எல்லாவற்றையும் ஒரு சாக்கின் மேல் பரப்ப வேண்டும். நன்றாக வெட்டுபவை, தீட்டினால் வெட்டக்கூடியவை, இனி உதவாதவை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருக்கும். அதாவது, தேவைப்படுவது புதுக் கத்தி அல்ல, தீட்டுக்கல்.

ஆகவே முதல் செலவு தீட்டுக்கல்லாக இருக்கட்டும். ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் உள்ள கல் போதும். பல் விழுந்த அலகைச் சொரசொரப்பான பக்கத்தில் சரிசெய்து, வழவழப்பான பக்கத்தில் முடிக்க வேண்டும். கல்லை நனைத்துக் கொண்டு, அலகின் சரிவு மாறாமல் ஒரே சாய்வில் தேய்க்க வேண்டும்.

வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் கொடுக்கும்போது எச்சரிக்கை தேவை. சூடேறி அலகின் விளிம்பில் நீல நிறம் தோன்றினால், அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று பொருள். அதற்குப் பின் எத்தனை முறை தீட்டினாலும் அந்தக் கூர் நிற்காது. சாணை பிடிப்பவரிடம் அடிக்கடி தண்ணீரில் தோய்த்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

மடியில் இருக்கும் கத்தி

அடுத்தது எல்லா விவசாயிகளுக்கும் பொதுவான மடக்குக் கத்தி. கயிறு அறுக்க, உர மூட்டை பிரிக்க, சொட்டுநீர்க் குழாயை நறுக்க, நோய் தாக்கிய தண்டைப் பிளந்து பார்க்க இது ஒன்றே போதும். 3 அங்குல நீளத்தில் ஒரே ஓர் அலகு இருந்தால் நல்லது. அலகுகள் கூடக் கூடக் கத்தி கனக்கும்; மண்ணும் சாறும் இடுக்கில் சேரும்; கழுவுவது கடினம்.

பிரான்சு நாட்டில் சவாய் மலைப்பகுதியில் 1890ஆம் ஆண்டு ஜோசப் ஒப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தி இன்றும் விற்பனையில் உள்ளது. மரப்பிடியும் ஓர் அலகும்தான் அதன் அமைப்பு. விரித்த அலகு தானே மடங்கி விரலை வெட்டாமலிருக்க 1955ஆம் ஆண்டில் ஒரு பூட்டு வளையம் சேர்க்கப்பட்டது. எந்தக் கத்தியை வாங்கினாலும் இப்படி ஏதாவது ஒரு பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது விரலுக்குப் பாதுகாப்பு.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல கத்தியா?

சாதாரண எஃகுக் கத்தி எளிதில் தீட்டுப்படும். நல்ல கூர் ஏறும். ஆனால் துருப்பிடிக்கும், எலுமிச்சை, மாங்காய்ச் சாறு பட்டால் கறுக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கத்தி ஈரத்தைத் தாங்கும். தீட்டுவதற்குப் பெரும்பாலும் கூடுதல் நேரம் பிடிக்கும். தினமும் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர் முதலாவதை வாங்கலாம். சேற்றிலும் தண்ணீரிலும் நின்று வேலை செய்பவருக்கு இரண்டாவது ஏற்றது.

"காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் எவர்சில்வர்" என்று சில இடங்களில் சொல்லி விற்பதுண்டு. டம்ளருக்கும் தட்டுக்கும் இது சரி. கத்திக்குச் சரியல்ல. காந்தம் ஒட்டாத அந்த வகை எவர்சில்வரைக் காய்ச்சித் தோய்த்துக் கெட்டிப்படுத்த முடியாது. அதில் செய்த கத்தி சீக்கிரம் மழுங்கும். கூர் நிற்கும்படி பதம் ஏற்றிய துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டும்.

ஒட்டுக்கட்டும் கத்தி

மா, சப்போட்டா, எலுமிச்சை, ரோஜா ஆகியவற்றில் சொந்தமாகக் கன்று தயாரிப்பவர்கள் தனிக் கத்தி வாங்கியே ஆக வேண்டும். வேர்ச்செடி, ஒட்டுத்தண்டு இரண்டின் பட்டைக்கு அடியிலும் மெல்லிய பச்சைப் படலம் ஒன்று உண்டு. இரண்டு படலங்களும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும். மழுங்கிய கத்தி அந்தப் படலத்தை நசுக்கிவிடும். வெட்டு மேடு பள்ளமாக இருந்தால் நடுவில் இடைவெளி விழும், தண்டு காய்ந்துவிடும்.

அதனால்தான் ஒட்டுக்கத்தியின் அலகு ஒரு பக்கம் முழுக்கத் தட்டையாகவும், மறுபக்கம் மட்டும் சரிவாகவும் இருக்கும். தட்டையான பக்கம் தண்டில் படிந்து போவதால் ஒரே இழுப்பில் நேரான வெட்டு விழும். இதைத் தீட்டும்போது சரிவுள்ள பக்கத்தைத்தான் தீட்ட வேண்டும். தட்டையான பக்கத்தைக் கல்லில் முழுவதும் படிய வைத்து, பிசிர் போக இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் சரிவு எதிர்ப்பக்கம் அமைந்த கத்தியைக் கேட்டு வாங்க வேண்டும்.

ரோஜா, எலுமிச்சையில் மொட்டுக்கட்டுவதற்கான கத்தியில் பட்டையை நெம்பித் தூக்க ஒரு மழுங்கலான நாக்கு இருக்கும். மாவில் ஆப்பு வடிவில் சீவிச் செருகி ஒட்டுபவருக்கு அது தேவையில்லை.

200 கன்று ஒட்டுபவருக்குக் கத்தி மழுங்கியதால் 20 கன்று கூடுதலாகப் பட்டுப்போனது என்றும், கன்று 50 ரூபாய் என்றும் வைத்துக் கொண்டால் நஷ்டம் 1,000 ரூபாய். தண்டு சேகரித்த உழைப்பும் ஒரு பருவமும் போனது தனி. ஒட்டுக்கத்தியின் விலையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதைக் கொண்டு கயிறு அறுப்பதோ பாக்கு நறுக்குவதோ கூடாது.

யாருக்கு எது அடுத்தது?

நெல் மட்டும் பயிரிடுபவருக்குத் தீட்டுக்கல்லும் மடக்குக் கத்தியும் போதும். மீதிப் பணத்தைக் கதிர் அரிவாளில் போடலாம்.

மல்லிகை வைத்திருப்பவருக்கு அடுத்தது கத்தியே அல்ல, கவாத்துக் கத்தரி. தமிழகத்தில் மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்கிறார்கள். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசித் தாண்டிச் செல்லும் கத்தரிதான் உயிருள்ள கிளைக்கு ஏற்றது. வெட்டும் மெல்லிய அலகு செடியில் நிற்கும் பகுதியை ஒட்டி இருக்கும்படி பிடித்து வெட்டினால், நசுங்குவது கழிக்கும் துண்டாக இருக்கும். உதிரியாக வில்லும் அலகும் கிடைக்கும் கத்தரியாகப் பார்த்து வாங்குவது சிக்கனம்.

மாந்தோப்பு வைத்துக் கன்றை வெளியே வாங்குபவருக்கும் கவாத்துக் கத்தரியே முதலில் வேண்டும். சொந்தமாக ஒட்டுக்கட்டத் தொடங்கும்போது ஒட்டுக்கத்தி வாங்கிக் கொள்ளலாம்.

கரும்பு விவசாயிக்கு அடுத்த கத்தி என்பது, கரணை வெட்டும் அதே கத்தியில் இன்னொன்று. அதற்குக் காரணம் உண்டு.

கத்தி நோயையும் சுமக்கும்

கரும்பில் மறுதாம்புக் குட்டை நோய் என்று ஒன்று இருக்கிறது. இது பாக்டீரியாவால் வருவது. வெளியே தெளிவான அடையாளம் காட்டாது. மறுதாம்பு குட்டையாக நின்று மகசூல் குறையும். நோயுள்ள கரும்பை வெட்டிய கத்தி, சாற்றோடு கிருமியையும் அடுத்த கரும்புக்குக் கொண்டு போகும். இரண்டு கத்தி இருந்தால், ஒன்று மருந்து நீரில் ஊறும்போது மற்றொன்றால் வெட்டலாம். ஆளும் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டு உபயோகப் பிளீச்சிங் திரவம் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு சேர்த்து அதில் கத்தியை நனைக்கலாம். இது இரும்பை அரிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். ஒட்டுக்கத்திக்கும் கவாத்துக் கத்தரிக்கும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பது எளிது. ஸ்பிரிட் அருகே பீடியோ நெருப்போ கூடாது.

கடையில் பார்க்க வேண்டியவை

அலகை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் வேண்டாம். மடக்கும்போது அலகின் முனை வெளியே நீட்டிக் கொண்டிருக்கக் கூடாது, மடியைக் கிழிக்கும். வியர்த்த கையிலும் வழுக்காத பிடியாக இருக்க வேண்டும். கூர் எப்படி என்று ஒரு காகிதத்தை அந்தரத்தில் பிடித்து அறுத்துப் பார்க்கலாம். ஒட்டுக்கத்தி என்றால் முன்கை மயிர் மழிக்கும் அளவுக்குக் கூர் ஏற வேண்டும்.

சேமிக்கும் வழி

வரும் ஆண்டில் கத்தியை நம்பிய வேலைகளை மாதவாரியாகக் காலண்டரில் குறித்துக் கொள்ள வேண்டும். எந்த வேலை தவறினால் நஷ்டம் அதிகமோ அதற்கான கருவிக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். பூ விற்பவர் தினப் பணத்தில் ஒரு சிறு தொகையை உண்டியலில் போட்டு வந்தால், நவம்பர் கவாத்துக்கு முன் கத்தரி கைக்கு வந்துவிடும். இரண்டு கருவிகளை ஒன்றாக வாங்க வேண்டாம். ஒன்றை ஒரு பருவம் உழைக்கவிட்டு, குறை நிறை தெரிந்த பின் அடுத்ததை யோசிக்கலாம்.

வேலையிடையே வெட்டுக்காயம் பட்டால், சிறியதுதானே என்று மண்ணோடு விட்டுவிடாமல் சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவமனையில் தடுப்பூசி பற்றிக் கேட்பது அவசியம்.

இன்று மாலையே வீட்டிலுள்ள கத்திகளைச் சாக்கில் பரப்பிப் பாருங்கள். சந்தைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.