கண்ணாடித் தொட்டியில் மென்முருகை

முருகைக்கல் என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன சுண்ணாம்புச் சூளையும் யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலுமேயாகும். அக்கல் எண்ணிறந்த சிற்றுயிர்கள் கட்டிவைத்த மனை என்பதைப் பள்ளியிற் படித்தோமாயினும் பின்னர் மறந்துவிடுகின்றோம். இதில் வியப்பில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பிய அறிஞரும் முருகையைக் கடற்செடி என்றே கொண்டிருந்தனர். பெய்சொனெல் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அது விலங்கே எனக் கூறியபோது, அக்கூற்றைப் பாரிசு விஞ்ஞானக் கழகத்தில் எடுத்துரைத்த இறோமூர், சொன்னவருக்கு நகைப்பு நேருமென்று அஞ்சி அவர் பெயரை வெளியிடாது விட்டார்.

யாம் ஈண்டு எழுதப் புகுந்தது கல்லாகும் முருகையைப் பற்றியன்று. அதன் உறவாகிய மென்முருகையைப் பற்றியும், அதனை வீட்டிலே கண்ணாடித் தொட்டியில் நலத்தோடும் நிறத்தோடும் வைத்திருக்கும் முறையைப் பற்றியுமாகும். நம் பழைய மாணவருட் பலர் இலண்டன், தொறன்ரோ, மெல்பேண் முதலாய நகரங்களில் வாழ்கின்றனர். ஆங்கெல்லாம் உப்புநீர்த் தொட்டி வைத்தல் பெருவழக்காயுள்ளது. இங்கும் அவ்வாசை கொண்டோர் உளர். ஆயின், வாங்கும்போது பச்சையும் ஊதாவுமாய் ஒளிர்ந்தவை சில மாதங்களில் மண்ணிறமாதலும், வெளுத்துச் சுருங்கி மடிதலும் தொடக்கத்தார் பலர் காணுங் காட்சியாகும். அவர்கள் சோம்பரல்லர், பெரும்பாலும் மிகையான ஊக்கமுடையவர்கள். தாம் வளர்ப்பது எதனை என்று தெளியாமையே கேட்டுக்கு மூலம்.

ஆய்வுகூடத்தில் ஐதராவை நுணுக்குக்காட்டியிற் பார்த்தவர் முருகையின் அமைப்பையும் எளிதில் விளங்கிக்கொள்வர். குழாய் போன்ற உடல், நுனியில் வாய், வாயைச் சுற்றிப் பரிசக்கொம்புகள். இது ஒரு பொலிப்பு. இத்தகைய பொலிப்புகள் நூறாயும் ஆயிரமாயும் ஒரே சதைத்திரளிற் பதிந்து கூட்டுக்குடும்பமாய் வாழ்வதே மென்முருகை. ஒவ்வொரு பொலிப்புக்கும் எட்டுக் கொம்புகள். ஒவ்வொரு கொம்பும் இறகுபோல் இருபுறமும் கிளைத்திருக்கும். கல்முருகைக்கோ ஆறு, அல்லது ஆறின் மடங்கு. மென்முருகைக்குக் கல்லுடல் இல்லை. சதையினுள்ளே நுண்ணிய சுண்ண முட்கள் சிதறிக் கிடந்து அதனைத் தாங்குகின்றன. நவமணியுள் ஒன்றாக நாம் மோதிரத்திற் பதிக்கும் பவளமும் எட்டுக் கொம்புடைய இனத்ததே. ஆகவே அது நம் கரையோர முருகைக்கல்லினும் மென்முருகைக்கே நெருங்கிய உறவு என்பது பலரறியாத செய்தி.

இனி, நிறத்துக்கு வருவோம். முருகையின் கலங்களுக்குள்ளே மண்ணிறமான ஒருகல அல்காக்கள் குடியிருக்கின்றன. சூசாந்தெல்லே என்பது அவற்றின் பொதுப்பெயர். 1928ஆம், 1929ஆம் ஆண்டுகளில் அவுத்திரேலியப் பெருந்தடைப் பாருக்கு யோங் என்பார் தலைமையிற் சென்ற ஆங்கிலக் குழுவினர் இக்குடியிருப்பைப் பெரிதும் ஆராய்ந்தனர். அல்கா ஒளியைக் கொண்டு வெல்லம் முதலியவற்றை ஆக்கி, அதிற் பெரும்பகுதியை வீட்டுக்காரனுக்கு ஈகிறது. வீட்டுக்காரன் தன் கழிவாகிய அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் அதற்குக் கொடுக்கிறான். வாடகையும் வரவும் இவ்வாறு நடைபெறும். நாம் காணும் மண்ணிறம் குடியிருப்போனின் நிறம். பச்சை, செம்மை, நீலம் ஆகியனவோ விலங்கு தானே ஆக்கும் ஒளிரும் புரதங்களின் நிறங்கள்.

அப்புரதங்களின் பெருமை சிறிதன்று. 1962இல் சொரிமுட்டையினம் ஒன்றிலிருந்து பச்சைப் புரதத்தைப் பிரித்தெடுத்த சிமோமுரா, 2008இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார். செம்புரதம் வேண்டி விஞ்ஞானிகள் நெடுங்காலம் தேடினர். அது 1999இல் உருசிய ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தது ஆழ்கடலிலன்று. மொசுக்கோ நகரத்து அழகுத் தொட்டிகளில் வளர்ந்த முருகைகளிலேயாம். அச்செம்புரதத்தைத் தந்த தட்டுமுருகை, தொடக்கத்தார் முதன்முதல் வாங்கும் எளிய இனமே. இன்று உலகெங்கும் கலவியல் ஆய்வுகூடங்களில் அதன் வழிவந்த புரதங்கள் பயன்படுகின்றன.

நிறமென்பது இருவரின் உடன்படிக்கையாதலால், அது மாறும்போது உடன்படிக்கையில் என்ன நேர்ந்ததென்று பார்த்தல் வேண்டும். ஒளி குறைந்து நீரிற் கழிவுச்சத்து மிகுந்தால் அல்காக்கள் பெருகி விலங்கின் நிறத்தை மறைக்கும், முருகை மண்ணிறமாகும். ஒளியோ வெப்பமோ அளவு கடந்தால் அல்காவின் ஒளித்தொகுப்பு நிலைகுலைந்து நச்சுத்தன்மையுள்ள ஒட்சிசன் விளைபொருள்கள் தோன்றும், விலங்கு தன் குடியை வெளியேற்றும், முருகை வெளுக்கும். வெளுத்தது உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. தொட்டியில் நிகழும் இதுவே கடலிலும் நிகழ்கின்றது. 1998ஆம் ஆண்டிற் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியபோது இக்கடுவைப் பாரின் பெரும்பகுதி வெளுத்து மாண்டது. கோடைக்காலத்தின் உயர்ந்த மாத சராசரியினும் ஒரு பாகை கூடிச் சில கிழமைகள் நிலைத்தாலே வெளுத்தல் தொடங்கிவிடும். ஒரு பாகை! நாம் காய்ச்சலென்றே எண்ணாத அளவு.

ஆதலின் தொட்டி வைப்போர் முதலிற் கவனிக்க வேண்டியது வெப்பநிலையே. 24 முதல் 26 பாகை செல்சியஸ் வரை நன்று. குளிர்நாட்டில் வாழ்வோர் சூடாக்கி ஒன்றை வாங்கிப் போட்டுக் கவலையொழிவர். நம் நாட்டிலோ குளிர்விப்பதே பாடு. குளிராக்கும் பொறி விலை மிகுந்தது. ஆயினும் மட்குடத்து நீர் ஏன் குளிர்கிறதென்று அறிந்த நமக்கு வழி இல்லாமலில்லை. நீர்ப்பரப்பின் மேற் சிறு மின்விசிறியை வீசவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும். காற்று ஈரம் மிகுந்த நாட்களில் இப்பயன் குறைவு. பகலில் 29க்கு ஏறி இரவில் 25க்கு இறங்கும் தொட்டியிலும், 27லேயே அசையாது நிற்கும் தொட்டி மேலானது என்பது எமது துணிபு.

விசிறி வைத்தால் நீர் வற்றும். நீர் வற்றினால் உப்பு வற்றாது. ஆனையிறவு உப்பளத்தைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் தொட்டி முன் நிற்கும்போது பலர் இதனை மறந்து, குறைந்த நீருக்கு ஈடாக மீண்டும் உப்புநீரையே ஊற்றுகின்றனர். நாளடைவில் தொட்டி உப்பளமாகின்றது. வற்றிய அளவுக்கு நன்னீரே ஊற்றுதல் வேண்டும். தன்னீர்ப்பு 1.025 அல்லது 1.026இல் நிற்கிறதா என்று கிழமைதோறும் அளந்து பார்க்க.

எந்த நன்னீர் என்பது அடுத்த கேள்வி. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் படையிலிருந்து வருவது. மேலும் தோட்டங்களிலிட்ட உரத்தினால் நைத்திரேற்று மிகுந்தது. குடிநீருக்கே இது பற்றிக் கவலைப்படும் நாம் முருகைக்கு அதனை ஊற்றுதல் தகாது. ஆர்.ஓ. முறையில் வடித்த நீரே ஏற்றது. செம்புக் குழாய் வழி வந்த நீரும், செம்பு கலந்த மீன் மருந்தும் முள்ளந்தண்டில்லா உயிர்களுக்கு நஞ்சாகும்.

உப்பும் அவ்வாறே. கறியுப்பு உதவாது. உப்பளத்தில் உப்புப் படியும்போது மகனீசியம் முதலியன எஞ்சிய கசப்பு நீரிலே நின்றுவிடும். கல்சியமும் அதற்கு முன்னரே பெரிதும் படிந்து பிரிந்துவிடும். முருகைக்கு அவையெல்லாம் வேண்டும்: கல்சியம் இலீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மகனீசியம் ஏறத்தாழ 1300. முருகைத் தொட்டிக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையை வாங்கிக் கரைத்துக் கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்தால், மென்முருகை மட்டுமுள்ள தொட்டியில் வேறொன்றும் சேர்க்க வேண்டியதில்லை. கரையோரத்தில் வாழ்வோர் திறந்த கடலின் தெளிநீரைக் கொள்ளலாம். கடனீரேரி நீரைக் கொள்ளற்க. அது மாரியில் ஐதாகியும் கோடையிற் செறிந்தும் நிற்பது.

தொட்டியை நிறைத்த அன்றே முருகையை இடும் அவசரத்தினாலேயே பல உயிர்கள் அழிகின்றன. கழிவிற் பிறக்கும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையென்று சோதனைநீர் காட்டிய பின்னரே முருகையைக் கொணர்தல் முறை. சிற்றுயிர்கள் குடிகொண்ட கடற்கல்லைத் தொட்டியிலிட்டு நீரைத் தூய்மை செய்யலாம் என்பதை 1961இல் எழுதி வெளியிட்டவர் யாகர்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். பெரிய வடிகள் எவையுமின்றி, கல்லும் காற்றுக் குமிழியும் சூரியவொளியும் கொண்டு அவர் முருகை வளர்த்தார். வெப்பநாட்டவர் ஒருவரின் இவ்வழியே பின்னர் மேனாட்டிலும் பரவியது.

நீர் மிகத் தூயதாயிருத்தல் நன்று என்று எண்ணி நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் முற்றாக நீக்க முயல்வோர் உளர். கல்முருகை வளர்ப்போரிடம் கேட்ட பேச்சு அது. உள்ளிருக்கும் அல்காவுக்கு அவையே உரம். முற்றாக அற்றுவிட்டால் மென்முருகை வெளிறி மெலியும். இலீற்றருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் நைத்திரேற்று இருப்பதனாற் கேடில்லை.

ஒளியைப் பற்றி: நண்பகலில் வெப்பநாட்டுக் கடற்பரப்பில் விழும் ஒளி, சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 2000 மைக்குரோமோல். மென்முருகைக்கு 50 முதல் 150 போதும். நீலம் மிகுந்த எல்.ஈ.டி. விளக்கை நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் எரியவிடுக. புதிதாய் வந்ததை அடித்தளத்தில் வைத்து, இரண்டு மூன்று கிழமையிற் படிப்படியாக மேலேற்றுக. நீலவொளியிற் புரதங்கள் ஒளிர்வதால் கடையில் அது நிறைந்த நிறங்காட்டும். வெள்ளொளியிலும் ஒருமுறை பார்த்து வாங்குவதே அறிவு. வெளுத்த தோல்முருகைக்கு மஞ்சட் சாயமேற்றி விற்போரும் உண்டு. அது நிறமன்று, பிணத்துக்கு இட்ட பூச்சு.

இனங்களுள் தட்டுமுருகை நிழலையும் மெல்லோட்டத்தையும் விரும்பும். வகுப்பில் இது மென்முருகையன்றாயினும் வளர்ப்போர் இதனை அவற்றோடே வைப்பர். பச்சை விண்மீன் முருகை எதிலும் படர்வது. அதனைத் தனிக்கல்லில் வைக்காவிடின் தொட்டி முழுவதும் புல்வெளியாகும். தோல்முருகையோ காளான் போன்ற தோற்றமுடையது, நெடுநாள் வாழ்வது. சிலபோது அது பொலிப்புகளை உள்ளிழுத்து, மேனி மெழுகுபோல் மினுங்க, ஒரு கிழமைக்கு மேலும் முடங்கிக் கிடக்கும். செத்ததென்று எறிந்துவிடற்க. மேற்படிந்த பாசியையும் அழுக்கையும் தோலோடு உரிக்கிறது. நீரோட்டத்தைச் சிறிது கூட்டினாற் போதும். ஓடி ஒளிய இயலாத இவ்வினம் அயலாரைத் தடுக்க நச்சுப்பொருள்களை நீரில் விடும். ஆதலின் பல இனங்களை ஒருங்கு வைப்போர் கிளர்வுற்ற கரியை வடியிலிடுதல் நலம்.

சீனியா என்னும் இனம் கைவிரல்களை மூடித் திறப்பதுபோற் பொலிப்புகளை ஓயாது அசைத்துக்கொண்டிருக்கும். இரைபிடிக்கும் அசைவு என்றாற் பொருந்தாது, அவ்வினம் இரைபிடிப்பது அரிது. இதன் நெருங்கிய உறவொன்றைச் செங்கடலில் ஆராய்ந்தோர் 2013இல் விடை கண்டனர். அசைவினால் நீர் கலங்கி, ஒளித்தொகுப்பிற் பிறந்த மிகையான ஒட்சிசன் அகற்றப்படுகிறது. குடியிருக்கும் அல்காவின் வேலை பன்மடங்காகிறது. வீட்டுக்காரன் குடியிருப்போனுக்கு விசிறி வீசுகிறான் எனலாம்!

ஒன்றைப் பற்றி மட்டும் அச்சுறுத்தியே சொல்ல வேண்டும். பொத்தான் முருகை எனப்படும் சோவாந்திட்டுகள் மலிவானவை, அழகானவை, எளிதில் வளர்பவை. அவற்றுட் சிலவற்றில் பலித்தொட்சின் என்னும் நஞ்சுண்டு. 1971இல் அவாய்த் தீவு அறிஞர் அதனைப் பிரித்தறிந்து அறிவித்தனர். அறியப்பட்ட கொடிய நஞ்சுகளுள் ஒன்று அது. இவை படர்ந்த கல்லைத் தூய்மை செய்ய வெந்நீரிலிட்டு, எழுந்த ஆவியைச் சுவாசித்தோர் குடும்பத்தோடு மருத்துவமனை புகுந்த நிகழ்ச்சிகள் பிறநாடுகளிற் பதிவாகியுள்ளன. அக்கல்லைக் கொதிக்கவைத்தலும் காய்ந்தபின் சுரண்டலும் ஒருபோதும் கூடா. கையிற் காயமிருப்பின் தொட்டிக்குட் கை விடற்க. சிறுவருள்ள வீட்டில் இவ்வினத்தை வாங்காதிருத்தலே எமக்கு உடன்பாடு.

முருகையை எங்கிருந்து பெறுவது? நம் பார்களிலிருந்து பெயர்த்தெடுக்கலாமென்னும் எண்ணம் எவருக்கும் வேண்டா. கல்முருகைகள் சட்டத்தாற் காக்கப்பட்டவை. திருகோணமலைப் புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்காவாயுள்ளது. சட்டம் இல்லையெனினும், ஏற்கெனவே சூட்டினால் இளைத்த பாரிலிருந்து திருடி வீட்டை அலங்கரித்தல் நமக்கு அழகன்று. அத்தேவையும் இல்லை. மென்முருகையை வெட்டினால் வெட்டிய துண்டு வளரும். தொட்டியிற் பிறந்த துண்டு தொட்டி வாழ்வுக்குப் பழகியதுமாம். பிற வளர்ப்போரிடமிருந்து அத்தகைய துண்டையே கேட்டு வாங்குக.

தோல்முருகையை வெட்டுவோர் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, கூரிய அலகினால் ஓரத்தில் ஒரு துண்டை ஒரே வீச்சில் அரிதல் வேண்டும். வழுவழுப்பான சதையில் பசை பிடிக்காது. துண்டைச் சிறு கல்லின்மேல் வைத்து வலைத்துணியால் மூடித் தளர்வாகக் கட்டி, மெல்லோட்டத்தில் விடுக. இரண்டொரு கிழமையில் அது தானே கல்லைப் பற்றிக்கொள்ளும். அதனை நண்பரொருவருக்குக் கொடுக்கும்போது, வளர்ந்த தொட்டியின் வெப்பநிலை, தன்னீர்ப்பு, விளக்கெரிந்த மணிக்கணக்கு ஆகியவற்றைத் தாளொன்றில் எழுதி உடன் கொடுத்தல் நன்று.