நாடகத்தில் இடமில்லை என்று சொல்லப்பட்ட பெண்



இஷாவுக்குப் பிறகு நம் வீடுகளில் எந்தப் பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். களுவாஞ்சிக்குடியில் பார்க்கும் அதே சென்னை நாடகத்தைத்தான் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் பழுகாமத்திலும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டாம் என்று மிம்பரில் சொல்லியாயிற்று. அதைத் திரும்பச் சொல்ல இந்தப் பக்கங்களை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாடகப் பெட்டிக்குள் நுழைய முயன்று, வாசலிலேயே நிறுத்தப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் பிறந்தது ஒரு முஸ்லிம் வீட்டில். அதனால்தான் இந்தச் செய்தி நம் பத்திரிகைக்கும் உரியது என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் அஞ்சலி அமீர். ஊர் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்திலுள்ள தாமரச்சேரி. வயநாட்டு மலைக்கு ஏறும் சுரப்பாதையின் அடிவாரம். மலபார் முஸ்லிம்களுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். தாய்வழிக் குடிமுறை அங்கும் இருந்தது, நம் கிழக்குக் கரையிலும் இருக்கிறது. மணமுடித்தபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், வீடு மகளுக்கே சேர்வதும் இரு கரைக்கும் பழக்கமானவை.

அந்த ஊரில் ஆண் பிள்ளை என்று பெயர் சூட்டப்பட்டு வளர்ந்தவர் அஞ்சலி. தான் பெண் என்ற உணர்வு சிறு வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது. பள்ளிப் பருவத்திலேயே வீட்டை விட்டுப் போனார். கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் தன்னைப் போன்ற திருநங்கைகளோடு வாழ்ந்தார். இருபதாவது வயதில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு முழுமையாகப் பெண்ணாக வாழத் தொடங்கினார். பிறகு விளம்பர மாடலாக வேலை பார்த்தார். இவற்றையெல்லாம் பேட்டிகளில் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே கூறிவிட வேண்டும். இத்தகையோரைக் குறிக்கத் தமிழில் வழங்கிய பழைய சொல், நாலாவது கலீஃபாவின் திருப்பெயரைக் குறிலாக எழுதினால் வருவது. நாம் ‘அலீ’ என்று நீட்டி எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு சஹாபியின் பெயரைப் பழிச்சொல்லாக வீதியில் கேட்கும்போது நமக்கு நெஞ்சு எரிகிறது. அந்தச் சொல்லால் தினமும் அழைக்கப்படுகிற பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? ‘திருநங்கை’ என்ற மரியாதையான சொல் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான் பரவலாயிற்று. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு அவர்களுக்கென நலவாரியம் அமைந்தபோது அரசாங்கமும் அச்சொல்லை ஏற்றுக்கொண்டது. தொல்காப்பியர் இவர்களை உயர்திணையில், அதாவது மக்கள் வரிசையில் வைத்துத்தான் இலக்கணம் சொன்னார். நம்முடைய ‘அவர்’ என்ற சொல்லும் நல்ல சொல். ஆணா பெண்ணா என்று கேட்காமலே மரியாதை கொடுத்துவிடுகிறது.

சின்னத்திரையில் நடந்தது

அஞ்சலிக்கு ஒரு மலையாளத் தொலைக்காட்சித் தொடரில் நடிக்க வாய்ப்பு வந்தது. அழகும் நடிப்பும் பிடித்துத்தான் தெரிவு செய்தார்கள். அவர் திருநங்கை என்பது தெரியவந்ததும் வாய்ப்பைப் பறித்துவிட்டார்கள். சகோதரிகளே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவருக்கு நடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. நேற்று வரை அந்தப் பாத்திரத்துக்குப் பொருத்தமாக இருந்த முகம், பிறப்பைப் பற்றி ஒரு செய்தி கிடைத்ததும் பொருந்தாமல் போயிற்று. முகம் மாறவில்லை.

நாடகக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் இருந்து பார்க்கிறவர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதுதான் இத்தகைய இடங்களில் எப்போதும் சொல்லப்படும் காரணம். வீட்டில் இருந்து பார்க்கிறவர்கள் யார்? நீங்களும் நானும்தான்.

திரையில் இவர்களை நாம் எப்படிப் பார்த்துப் பழகினோம்? கைதட்டிக்கொண்டு வந்து நகைச்சுவை நடிகரின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகும் கூட்டமாகத்தான். கேரளத்தில் 2005இல் ‘சாந்துப்பொட்டு’ என்றொரு படம் வந்தது. பெண் போல வளர்க்கப்பட்ட ஆண் ஒருவனின் கதை. படம் நன்றாக ஓடியது. அதன்பின் நடையிலோ பேச்சிலோ மென்மை தெரிந்த பையன்களை எல்லாம் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அஞ்சலி அப்போது பள்ளியில் படிக்கும் வயதில் இருந்தார்.

நம் வாவிக்கரைக்கும் பெண் வேடம் புதிதல்ல. படுவான்கரைத் தமிழ் ஊர்களின் கூத்துக் களரியில் ஆண்களே பெண் வேடம் கட்டி ஆடினார்கள். கடகப்பெட்டியும் மீனும் கொண்டு வியாபாரத்துக்குப் போன நம்மவர்களும் களரியின் ஓரத்தில் நின்று பார்த்ததுண்டு. அந்த ஆட்டக்காரனை ஊர் கொண்டாடியது. ஏனென்றால் விடிந்ததும் வேடம் கலைந்துவிடும், அவன் வயலுக்குப் போய்விடுவான். கலைக்க வேடம் ஏதுமில்லாத பிள்ளையைத்தான் ஊரால் பொறுக்க முடிவதில்லை.

பேரன்பு

சின்னத்திரை கைவிட்டவரைப் பெரிய திரை அழைத்தது. அஞ்சலியைப் பற்றி அறிந்த நடிகர் மம்முட்டி, தமிழ் இயக்குநர் ராமிடம் அவரைச் சொன்னார் என்று செய்திகள் வந்தன. ராம் அப்போது ‘பேரன்பு’ என்ற படத்துக்கான வேலையில் இருந்தார். அந்தப் படம் 2018 ஜனவரியில் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது. 2019 பெப்ரவரி முதலாம் திகதி திரையரங்குகளுக்கு வந்தது.

படத்தின் கதை தாய்மாருக்கு வலிக்கும் கதை. மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகளைத் தாய் விட்டுச் சென்றுவிடுகிறாள். அதுவரை வெளியூரில் இருந்த தகப்பன் அவளைத் தனியாக வளர்க்கிறான். வயதுக்கு வரும் மகளின் தேவைகளைத் தகப்பன் ஒருவன் எப்படிச் சமாளிப்பான்? அதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. அந்தத் தகப்பனாக மம்முட்டியும் மகளாகச் சாதனாவும் நடித்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் வந்து சேரும் மீரா என்ற திருநங்கையாக அஞ்சலி அமீர் நடித்தார். உறவினரும் ஊரும் ஒதுக்கிய அந்த இருவருக்கும் இறுதியில் துணையாகிறவர் மீராதான். திருநங்கை ஒருவர் நாயகி என்ற இடத்தில் நின்று நடித்த முதல் இந்தியத் திரைப்படம் என்று பத்திரிகைகள் எழுதின.

அடுத்த மாதமே ‘சூப்பர் டீலக்ஸ்’ என்ற இன்னொரு தமிழ்ப் படம் வந்தது. அதில் திருநங்கை வேடத்தில் நடித்தவர் விஜய் சேதுபதி. அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. நடிப்பு என்பது வேறொருவராக மாறுவதுதான், அவரில் குற்றமில்லை. ஆனால் ஆண் நடிகர் திருநங்கையாக நடித்தால் விருது கிடைக்கிறது, திருநங்கை பெண்ணாக நடிக்க வந்தால் தொடரிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். இதை நியாயம் என்று யாராவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்வேன்.

2018இல் அஞ்சலி மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தார். மோகன்லால் நடத்திய மலையாள ‘பிக் பாஸ்’ முதல் சுற்றில் நடுவில் சேர்ந்து, உடல்நலக் குறைவால் சில நாட்களில் வெளியேறினார். அந்நிகழ்ச்சியைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் கிடையாது, அது போகட்டும்.

அவருக்கு முன்னும் பின்னும் சிலர் இந்த வழியில் வந்திருக்கிறார்கள். 2008இல் விஜய் தொலைக்காட்சியில் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியை நடத்திய ரோஸ், அமெரிக்காவில் பொறியியல் படித்தவர். 2014இல் கோயம்புத்தூரின் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். தமிழ்நாட்டைச் சேர்ந்த நேகா, ‘அந்தரம்’ என்ற மலையாளப் படத்துக்காக 2022இல் கேரள அரசின் விருது பெற்றார். முஸ்லிம் நாடுகளிலும் உண்டு. 2018 மார்ச்சில் லாகூரின் கோஹினூர் தொலைக்காட்சியில் மார்வியா மாலிக் செய்தி வாசித்தார். 2021 மார்ச் 8ஆம் திகதி பங்களாதேஷின் பொய்ஷாகி தொலைக்காட்சியில் தஷ்னுவா அனான் வாசித்தார். மார்வியா மீது 2023இல் லாகூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர் தப்பினார்.

கிதாபுகளில் இருப்பது

நீங்கள் என்னிடம் கேட்கக் காத்திருக்கும் கேள்வி தெரியும். மார்க்கம் என்ன சொல்கிறது?

அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹு ஓதிய எவருக்கும் ‘குன்ஸா’ என்ற சொல் தெரியும். பிறப்பிலேயே உடலமைப்பில் ஆண் பெண் என்று பிரிக்க முடியாதவர். தொழுகை வரிசையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையில் அவருக்கு ஓர் இடத்தை நம் ஷாஃபிஈ இமாம்கள் எழுதி வைத்தார்கள். வாரிசுச் சொத்தில் உறுதியான பங்கைக் கொடுத்துவிட்டு, ஐயமான பங்கை நிலைமை தெளியும் வரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அவரைப் பள்ளியிலிருந்தோ வீட்டிலிருந்தோ வெளியேற்றச் சொல்லவில்லை.

அஞ்சலி போன்றவர்களின் நிலை குன்ஸாவின் நிலை அல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நடையிலும் குணத்திலும் பெண் தன்மை உள்ள ஆண்களை இமாம் நவவி அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். வேண்டுமென்றே பாவனை செய்கிறவர் ஒரு வகை. இயல்பிலேயே அப்படிப் படைக்கப்பட்டவர் இன்னொரு வகை. அவர்மீது பழியும் இல்லை, குற்றமும் இல்லை என்பது ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் அவர்கள் தரும் கருத்து.

சத்திரசிகிச்சையை, உடலில் ஐயம் இல்லாதவருக்கு, நம் ஸுன்னத் ஜமாஅத் உலமாக்களில் பெரும்பாலோர் அனுமதிப்பதில்லை. ஈரானில் 1980களில் கொமெய்னி அனுமதித்தார். எகிப்தில் 1988இல் அல்அஸ்ஹர் மருத்துவ மாணவர் ஒருவர் செய்துகொண்ட சிகிச்சை பெரிய விவாதமாகி, அன்றைய முஃப்தி தன்தாவி அவர்கள் ஃபத்வா எழுதும் வரை சென்றது. இந்த விவாதம் ஆலிம்கள் மேசையில் இன்னும் முடியவில்லை. முடியாத விவாதத்துக்குப் பதினைந்து வயதுப் பிள்ளையின் சோற்றுத் தட்டைப் பணயம் வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மகளுக்குத்தான் வீடு என்ற நம் கரையில், மகனா மகளா என்ற சண்டையில் சிக்கிய பிள்ளைக்கு எந்த வீடும் சொந்தமில்லாமல் போய்விடுகிறது.

வெளியே போன பிள்ளைக்கு வேலை கிடைத்தாலும் கூரை கிடைப்பதில்லை. 2017இல் கொச்சி மெட்ரோ ரயிலில் இருபதுக்கு மேற்பட்ட திருநங்கை, திருநம்பிகளுக்கு வேலை கொடுத்தார்கள். உலகமே பாராட்டியது. சில வாரங்களிலேயே பலர் வேலையை விட்டார்கள். வாடகைக்கு அறை கொடுக்க ஆளில்லை, விடுதிக்குக் கட்டச் சம்பளம் போதவில்லை.

நம் நாட்டில் சட்டத்தின் நிலையையும் தெரிந்து வைத்திருங்கள். ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இவர்கள்மீது பாவிக்கப்பட்டு வந்தன. 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி மனநல வைத்திய நிபுணர் பரிசோதித்துப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அதைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பிக்கலாம். அதன் பிறகே அடையாள அட்டையில் மாற்றம்.

இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கப்படுவது பழைய பிறப்புச் சான்றிதழ். அது உம்மாவின் அலுமாரியில், சீதன உறுதியோடும் நிக்காஹ் பதிவோடும் ஒரே உறைக்குள் இருக்கிறது. முதல் அடையாள அட்டைக்குப் பாடசாலை அதிபரோ கிராம உத்தியோகத்தரோ கையொப்பமிட வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே வீட்டை விட்டுப் போகும் பிள்ளை, இந்த இரண்டும் கையில் இல்லாமல்தான் பஸ் ஏறுகிறது.