அண்மையும் தொலைவும் ஆங்கிலத்தில்

"உன் பாட்டி வீடு எவ்வளவு தூரம்?" என்று ஆங்கில வகுப்பில் வினவினால், "டென் கிலோமீட்டர்ஸ் ஃபார்" என விடை கூறுவோர் நம்மில் பலர். இதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'பத்துக் கிலோமீட்டர் தூரம்' என்கிறோம். மலாய் மொழியிலும் 'ஜாவ்' என்னும் சொல்லை எண்ணோடு சேர்த்துக் கூறலாம். ஆங்கிலத்திலோ எண்ணை அடுத்து 'ஃபார்' வாராது. 'டென் கிலோமீட்டர்ஸ் அவே' என்றே கூறல் வேண்டும். 'ஹவ் ஃபார்' என வினாவில் வரும் சொல், அளவைக் கூறும் விடையில் மறைந்துவிடுகிறது.

பெயரடைகளில் சிக்கல் இன்னும் பெரிது. நம் 'அண்மை' என்னும் சொல் இடத்திற்கும் காலத்திற்கும் பொது. அண்மையில் உள்ள கடை என்கிறோம். அண்மையில் நடந்த விழா என்கிறோம். ஆங்கிலத்தில் இவை பிரிந்துவிடுகின்றன. கடைக்கு 'நியர்பை' என்னும் அடை வரும். நடந்து முடிந்த விழாவிற்கு 'ரீசன்ட்' வரும். இனி நடக்கவிருப்பதற்கு அச்சொல் ஒருபோதும் பொருந்தாது. விரைவில் வரவிருக்கும் காலத்தை 'நியர் ஃபியூச்சர்' என்பர். 'நியர்பை ஃபியூச்சர்' என்றால் கேட்போர் நகைப்பர்.

'தூரத்து மலை', 'தூரத்து உறவு' என நாம் கூறுவதைப் போலவே, 'டிஸ்டன்ட்' என்னும் சொல் மலைக்கும் உறவுக்கும் பொருந்தும். நெடுங்காலத்திற்கு முன் கழிந்த காலத்திற்கும் பொருந்தும். இங்கே இரு மொழிகளும் கைகோத்து நடக்கின்றன. ஆனால் தூரத்து உறவினரை 'ஃபார் ரிலேட்டிவ்' என்று கூறுவதில்லை. பெயருக்கு முன் வரும் 'ஃபார்' பெரும்பாலும் இரண்டில் அப்பால் உள்ளதையே சுட்டும். நம் ஊர்ப் பெயரில் உள்ள 'சுங்கை' ஆற்றைக் குறிப்பதன்றோ? அவ்வாற்றின் ஒரு கரையில் நின்றால், இக்கரை 'நியர் சைட்', அக்கரை 'ஃபார் சைட்'. ஆறு நான்கடி அகலமே ஆயினும் அக்கரை 'ஃபார்' தான்!

'ரிமோட்' என்றதும் தொலைக்காட்சியின் கைக்கருவி உங்கள் நினைவிற்கு வரும். தொலைவிலிருந்தே இயக்குவதால் வந்த பெயர் அது. ஓர் ஊருக்கு அடையாக வந்தால், எளிதிற் சென்று சேர முடியாமையை அது குறிக்கும். 2014ஆம் ஆண்டு பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைத்து இரண்டாம் பாலம் திறக்கப்பட்டபின், தீவின் தென்பகுதி நமக்கு எளிதாயிற்று. கடலின் அகலமோ ஓர் அடியும் குறையவில்லை.

'நெக்ஸ்ட்' என்னும் சொல்லுக்குச் சுவையான வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் அருகு, அதனினும் அருகு, யாவற்றினும் அருகு என மூன்று படிகள் இருந்தன. இரண்டாம் படியே இன்றைய 'நியர்'. மூன்றாம் படியே 'நெக்ஸ்ட்'. பிற்காலத்தில் 'நெக்ஸ்ட்' வரிசையில் அடுத்ததைக் குறிக்கலாயிற்று. மிக அருகில் உள்ளதைக் கூற 'நியரெஸ்ட்' என்னும் புதுச்சொல் தோன்றிற்று.

பெற்றோரும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நன்று. பூச்சிமருந்துக் கலத்தில் 'நியரெஸ்ட் ஹாஸ்பிட்டல்' என்றிருந்தால், மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்க என்பது பொருள். கிளினிக் அட்டையில் 'நெக்ஸ்ட் விசிட்' என்றிருந்தால், அடுத்த முறை வரவேண்டிய நாள். அவ்வாறே, 'லாஸ்ட் வீக்' என்பது கடந்த வாரம். 'லாஸ்ட் பஸ்' என்பதோ பெரும்பாலும் அன்றைய கடைசிப் பேருந்து. அதை விட்டால் நடைதான்!

மாணவர்களே, அண்மையில் உள்ள கோயில், அண்மையில் நடந்த திருவிழா, அடுத்த ஆண்டுத் திருவிழா, மிக அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் கூறிப் பாருங்கள். நான்கிற்கும் நான்கு வேறு பெயரடைகள் வரும்.