நகர மரத்துக்கும் வேண்டும் உழவனின் கை

தாம்பரத்தைச் சுற்றியுள்ள சேலையூர், அதற்கு அப்பால் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர், மண்ணிவாக்கம் ஆகிய ஊர்கள் யாவும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். ஏரிக்கரையில் பனை, வாய்க்கால் ஓரத்தில் பூவரசு, களத்துமேட்டில் வேம்பு, கோயில் முன்பு அரசு என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் இடம் இருந்தது. தழைக்காக, விதைக்காக, நிழலுக்காக அந்த மரங்களை உழவர்கள் பேணினர்.

வயல்கள் மனைகளாயின. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. ஊர் நகரமாகிவிட்டது. மரங்களும் பூங்காக்களும் இன்றும் இருக்கின்றன. புதிய கன்றுகளும் ஆண்டுதோறும் நடப்படுகின்றன. ஆனால் மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் பசியையும் நோயையும் அறிந்த உழவனின் கை மட்டும் அங்கிருந்து விலகிவிட்டது. அதனால் வரும் நட்டம் புயல் வீசும் நாளில்தான் தெரிகிறது.

வர்தா புயல் சொன்ன பாடம்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. கிண்டி முதல் வண்டலூர் வரை எங்கும் மரங்கள் சாய்ந்தன. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்து, பூங்காவே சில காலம் மூடப்பட்டது.

விழுந்தவற்றில் தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, இயல்வாகை போன்ற வெளிநாட்டு மரங்கள் மிகுதி. விரைவாக வளரும் என்பதற்காகச் சாலையோரங்களில் நடப்பட்டவை இவை. இவற்றின் கிளைகள் எளிதில் முறியக்கூடியவை, கவிகை பெரிது, காற்றை முழுவதும் வாங்கிக் கொள்ளும். ஆயினும் குற்றம் முழுவதையும் மரத்தின் சாதி மீது போட்டுவிட முடியாது. வேம்பும் புங்கனும் கூடப் பல தெருக்களில் வேரோடு சாய்ந்தன. நாட்டு மரம் நட்டால் மட்டும் போதாது, அது வேர் ஓட இடமும் வேண்டும் என்பதே வர்தா சொன்ன பாடம்.

ஒரு மரம் விழுந்து சுவரோ மின்கம்பியோ சேதமானால், அடுத்த நாளே அந்தத் தெருவில் உள்ள நல்ல மரங்களையும் வெட்டிவிட வேண்டும் என்ற குரல் எழுகிறது. ஆகவே மரம் விழாமல் காப்பது மனிதரைக் காப்பதற்காக மட்டுமல்ல. மற்ற மரங்களைக் காப்பதற்காகவும் ஆகும்.

மரம் ஏன் சாய்கிறது?

முதல் காரணம் நாற்றங்காலிலேயே தொடங்குகிறது. பாலிதீன் பையில் நீண்ட நாள் கிடந்த கன்றின் வேர், வெளியே செல்ல வழியின்றிப் பைக்குள்ளேயே வட்டமாகச் சுருண்டுவிடுகிறது. அதை அப்படியே நட்டால் மேலே மரம் தழைக்கும். கீழே வேர் சுருண்ட நிலையிலேயே தடித்துத் தன்னைத் தானே நெரிக்கும். இருபது ஆண்டு கழித்துப் புயலில் சாயும் மரத்தின் கேடு, நட்ட அன்றே உண்டானதாக இருக்கலாம்.

இரண்டாவது காரணம், தெருவில் வேருக்கு நேரும் கொடுமை. மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில் 2 அல்லது 3 அடி ஆழத்துக்குள்ளேயே பரவுகின்றன. கவிகையின் விளிம்பைத் தாண்டியும் ஓடுகின்றன. குடிநீர்க் குழாய்க்கும் மழைநீர் வடிகாலுக்கும் அடிமரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேர் முழுவதும் அறுபட்டுப் போகிறது. எஞ்சிய இடத்தைச் சிமெண்டால் மூடிவிட்டால் நீரும் காற்றும் இறங்க வழியில்லை. ஒரு காலில் நிற்பவனைத் தள்ளுவது எளிது அல்லவா?

தில்லியில் இத்தகைய நிலையைக் கண்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என 2013-இல் ஆணையிட்டது. எந்த ஊருக்கும் பொருந்தும் நல்ல அளவு இது.

மூன்றாவது காரணம், மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழிப்பதும், தலையை மொட்டையடிப்பதும் ஆகும். ஒரு பக்கம் கழிக்கப்பட்ட மரம் மறுபக்கம் பாரமாகி நிலை தடுமாறும். மொட்டையடித்த இடத்தில் கொத்தாக வரும் புதுக் கிளைகளுக்கு அடிமரத்தோடு உறுதியான பிடிப்பு இராது. அவை பருத்த பின் பெருங்காற்றில் பிய்ந்து விழும்.

நடும் முறை

புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் நடுவது நலம். வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துக்கொண்ட கன்று, அடுத்த சித்திரை வெயிலைத் தாங்கும். குழி 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம் இருக்க வேண்டும். கட்டட இடிபாடுகளை அகற்றி, குழியைச் சில நாள் ஆறப்போட்டு, மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரம் கலந்து நிரப்ப வேண்டும்.

பையைக் கிழித்து நீக்கியதும் வேரைக் கவனிக்க வேண்டும். அடியில் சுருண்டிருக்கும் வேரைக் கூரிய கத்தியால் நறுக்கி, பக்க வேர்களைப் பிரித்துவிட்டு நடவேண்டும். பைக்குள் இருந்த அளவுக்கு மேல் தண்டு மண்ணில் புதையக் கூடாது. பூவரசைப் போத்து நட்டு வளர்ப்பது நம் வழக்கம். வேலிக்கு அது சரி. போத்திலிருந்து வரும் மரத்துக்கு ஆணிவேர் இல்லையாதலால், சாலையோரத்துக்கு விதைக் கன்றே ஏற்றது.

இடமறிந்து மரம் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்கம்பியின் கீழே மந்தாரை, பவழமல்லி, ஆத்தி போன்ற சிறு மரங்களே போதும். சாதாரணத் தெருவுக்கு வேம்பு, புங்கன், மகிழம், புன்னை நன்று. ஆல், அரசு, இலுப்பை ஆகியவை பூங்காவுக்கும் கோயில் திடலுக்கும் உரியவை; வீட்டுச் சுவரை ஒட்டி நடக் கூடாது. 2015-ஆம் ஆண்டு வெள்ளம் சூழ்ந்த முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான பகுதிகளில், சில நாள் நீர் நின்றாலும் தாங்கும் நீர்மருது, நாவல், புங்கன் ஆகியவற்றை நடலாம்.

முதல் மூன்று ஆண்டுகள்

நடுவிழாவில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கை பெரிதல்ல. மூன்றாம் ஆண்டு உயிரோடு நிற்பவை எத்தனை என்பதே கணக்கு. முளைப்பைப் பார்த்து எந்த விவசாயியும் மகசூலை மதிப்பிடுவதில்லை.

கோடையில் வாரம் ஒன்றுக்கு ஒரு குடம் தண்ணீராவது வேரடியில் இறங்க வேண்டும். கன்றின் அருகே அடியில் துளையிட்ட மண்பானையைப் புதைத்து, துளையில் திரி செருகி நீர் நிரப்பினால், கசிந்து இறங்கும் ஈரம் பல நாள் நிற்கும். முட்டுக்கொம்பைத் தளர்வாகக் கட்ட வேண்டும். கன்று சற்று ஆடினால்தான் தண்டும் வேரும் வலுப்பெறும். பாதுகாப்புக்காக வைத்த இரும்புக் கூண்டை மரம் பருத்தவுடன் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் கம்பி பட்டைக்குள் புதைந்து மரத்தை அறுக்கும். விளம்பரப் பலகைக்காக ஆணியடிப்பதும் அத்தகைய கேடே. ஆணி இறங்கிய புண் வழியே பூசணமும் பூச்சியும் உட்புகும்.

கவாத்தில் கவனம்

பெரிய கிளையை ஒரே வெட்டில் வீழ்த்தினால், அது தன் பாரத்தால் அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். ஆகவே மூன்று வெட்டாக வெட்ட வேண்டும். முதலில் அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்தில் கால் பங்கு அறுக்க வேண்டும். பின்னர் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டை உரியாமல் விழும். கடைசியாக, கிளை தோன்றும் இடத்தில் மோதிரம் போல் பருத்திருக்கும் பகுதியைத் தொடாமல், அதன் வெளி ஓரமாக எஞ்சிய கட்டையை நீக்க வேண்டும். அந்த மோதிரப் பகுதியிலிருந்தே மரம் புதுத் திசு வளர்த்துப் புண்ணை மூடிக்கொள்கிறது. தார் பூச வேண்டிய அவசியம் இல்லை.

மழைக்காலத்துக்கு முன் ஆவணியில் ஒருமுறை மரங்களைச் சுற்றிப் பார்ப்பது இன்றியமையாதது. அடிமரத்தில் காளான் முளைத்திருத்தல், தட்டினால் பொள்ளென்ற ஓசை, வேரடி மண்ணில் புதிய வெடிப்பு, திடீர்ச் சாய்வு ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உள்ளாட்சி அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பொது இடத்து மரத்தை யாரும் தம் விருப்பம்போல் வெட்டக் கூடாது. மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஏரிக்கரையில் எஞ்சி நிற்கும் பனைகளுக்கு இது காப்பு.

குப்பையல்ல, உரம்

வேம்பும் புங்கனும் உதிர்க்கும் சருகு, தெருவில் குப்பையாகக் கொளுத்தப்படுகிறது. கழனிக்குத் தழையுரம் தேடி அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நட்டம் என்பது தெரியும். பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் பொறுக்கி நீக்கிவிட்டு, சருகைக் குழியில் ஓர் அடி கனத்துக்குப் பரப்பி, சாணக் கரைசல் தெளித்து, அதன் மேல் மற்றோர் அடுக்கு என்று நிரப்பலாம். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் நல்ல மக்கு கிடைக்கும். பூங்காவுக்குப் போக மிஞ்சுவதை அருகிலுள்ள தோட்டக்காரர்கள் கேட்டு வாங்கலாம்.

ஆனி, ஆடியில் தெருவெங்கும் உதிரும் வேப்பம்பழமும் அப்படியே. பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தினால் பயிர்ப் பாதுகாப்புக்குக் கொட்டை ஆயிற்று. கன்று வளர்க்க வேண்டுமானால் பழம் எடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். நாள் ஆக ஆக முளைப்புத் திறன் போய்விடும். இலுப்பை விதையும் நெடுநாள் தாங்காது. புறநகரை ஒட்டி அரை ஏக்கர், கால் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள், வேர் சுருளாத நல்ல நாட்டு மரக் கன்றுகளை வளர்த்தால், மனைகளுக்கும் பூங்காக்களுக்கும் விற்க வழியுண்டு.

கண்ணெதிரே ஒரு சான்று

மரத்துக்கு மண்ணை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரிலிருந்து கிழக்குத் தாம்பரத்துக்கு வந்தது. புதர்க்காடாக இருந்த சுமார் 365 ஏக்கர் நிலத்தில், வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரங்கள் நட்டுப் பேணினர். இயற்கையான புதர்க்காட்டின் ஒரு பகுதியும் விட்டுவைக்கப்பட்டது. இன்று நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே அந்த வளாகத்தில் புள்ளிமான்கள் மேய்கின்றன. அங்கே சருகு மரத்தடியிலேயே மக்குகிறது; வேர் ஓட மண் இருக்கிறது.

ஒவ்வொரு தெருவும் காடாக முடியாது. ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மீட்டர் மண் விட முடியும். நிலத்தை விற்றுவிட்டுத் தெருவில் குடியேறிய முன்னாள் விவசாயிகள் இந்தப் புறநகர்களில் பலர் இருக்கின்றனர். அவர்கள் வரும் மழைக்கு முன்பு தங்கள் தெரு மரத்தின் அடியிலுள்ள சிமெண்டைக் கொத்தி எடுத்துப் பாத்தி கட்டினாலே போதும். அடுத்த புயலில் அந்த மரம் நிற்கும். அதன் நிழலும் நிற்கும்.